மெனுவில் இல்லாத பர்கரைக் கேட்டு வாங்குவது எப்படி? அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிக்க வரும் பிள்ளைகள், வேலை மாறி வரும் குடும்பங்கள், பேரக்குழந்தையைப் பார்க்க வரும் பெற்றோர் என யாராக இருந்தாலும், பர்கர் கடை வரிசையில் நிற்கும்போது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பதால் இன்-என்-அவுட் என்ற பர்கர் கடையைப் பற்றிய கேள்விகளே என்னிடம் அதிகம் வருகின்றன. மற்ற கடைகளைப் பற்றியும், பர்கர் வகைகளைப் பற்றியும் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறேன். பீஃப் சாப்பிடுபவர், சாப்பிடாதவர், சுத்த சைவம் என எல்லோருக்கும் இதில் பதில் உண்டு.

1. போர்டுல இல்லாததை எல்லாம் கேட்கலாமா? ஏதாவது சொல்லிட மாட்டாங்களா?

தாராளமாகக் கேட்கலாம். நம் ஊர் ஹோட்டலில் "ரோஸ்ட் முறுகலா, நெய் வேண்டாம், பொடி தூவி, வெங்காயம் தூக்கலா" என்று சொல்கிறோமே, அதில் பாதி எந்த மெனு கார்டிலும் இருக்காது. ஆனால் மாஸ்டருக்குப் புரியும், போட்டுத் தருவார். இங்கேயும் அவ்வளவுதான் விஷயம். சமையற்கட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளை வேறு விதமாகச் சேர்த்தோ, கூட்டியோ, விலக்கியோ தரச் சொல்கிறோம். அங்கே இல்லாத பொருளைக் கேட்டால் மட்டும்தான் கை விரிப்பார்கள்.

அமெரிக்காவில் இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. வாடிக்கையாளர் விருப்பப்படி மாற்றித் தருவதையே பர்கர் கிங் 1974-இல் விளம்பரமாக்கியது. "நோ ஆனியன்", "எக்ஸ்ட்ரா பிக்கிள்" என்று கேட்காத ஆள் இங்கே குறைவு. (பிக்கிள் என்றால் நம் ஊறுகாய் இல்லை. உப்பு, வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டு.)

2. 'சீக்ரெட் மெனு'ன்னு சொல்றாங்களே, அது எங்கதான் இருக்கு?

கடைக்குக் கடை வேறு. இன்-என்-அவுட்டில் அது ரகசியமே இல்லை. "அவ்வளவு ரகசியமில்லாத மெனு" என்ற பெயரில் கம்பெனியே தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. டபுள் மீட், 3x3, 4x4, கிரில்டு சீஸ், ப்ரோட்டீன் ஸ்டைல், அனிமல் ஸ்டைல் எல்லாம் அதில் இருக்கின்றன. கவுண்டரில் நிற்பவருக்கும் இவை தெரியும், அவருடைய கணினியிலும் இவற்றுக்குப் பொத்தான் உண்டு.

மெக்டொனால்ட்ஸ் போன்ற கடைகளில் நிலைமை வேறு. அங்கே சுற்றும் பெயர்களில் பெரும்பாலானவை வாடிக்கையாளர்கள் வைத்தவை. மீன், கோழி, மாட்டுக்கறி மூன்றையும் ஒன்றாக அடுக்கும் 'லேண்ட், ஏர் அண்ட் ஸீ' என்ற பர்கரை 2022 தொடக்கத்தில் மெக்டொனால்ட்ஸே சில நாள் விற்றது. அப்போதும் தனித்தனி பர்கர்களாகத்தான் கொடுத்தார்கள், அடுக்கிக்கொள்வது நம் வேலை. ஆகவே இன்-என்-அவுட் தவிர வேறெங்கும் பட்டப்பெயரை நம்பாதீர்கள். "இதை எடுத்துவிடுங்கள், அதைச் சேருங்கள்" என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் தடவையா இன்-என்-அவுட் போறேன். என்ன கேட்பாங்க, என்ன சொல்லணும்?

போர்டைப் பார்த்தாலே பயம் போய்விடும். ஹேம்பர்கர், சீஸ்பர்கர், டபுள்-டபுள் என மூன்று பர்கர், ஃப்ரைஸ், ஷேக், குளிர்பானம். அவ்வளவுதான். டபுள்-டபுள் என்றால் இரண்டு கறி வில்லை (கடையில் 'பேட்டி' என்பார்கள்), இரண்டு சீஸ். ஹேரி, எஸ்தர் ஸ்னைடர் தம்பதி 1948-இல் பால்ட்வின் பார்க்கில் ஆரம்பித்த கடை இது. இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது, ஃப்ரான்சைஸ் கொடுப்பதில்லை. மெனுவும் பெரிதாக வளரவில்லை.

ஆர்டர் சொன்னதும் "ஆனியன்ஸ்?" என்று கேட்பார்கள். பச்சையாக வேண்டுமானால் "ரா", வதக்கியது வேண்டுமானால் "கிரில்டு", வேண்டாமென்றால் "நோ ஆனியன்ஸ்". அடுத்து இங்கேயே சாப்பிடவா, எடுத்துப் போகவா என்பார்கள். பில்லில் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணைக் கூப்பிடும்போது போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். காத்திருக்கும் நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் பாருங்கள். ஒருவர் முழு உருளைக்கிழங்கைக் கருவியில் வைத்துக் கைப்பிடியை இழுப்பார், அது குச்சி குச்சியாகக் கீழே விழும். குழந்தைகள் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள்.

4. அனிமல் ஸ்டைல்னா என்னங்க? வேற ஏதாவது மிருகத்தோட கறியா?

இல்லை, அதே மாட்டுக்கறிதான். கறி கல்லில் வேகும்போது மேல்பக்கத்தில் மஞ்சள் கடுகு சாஸைத் தடவித் திருப்பிப் போடுவார்கள். கடுகு சாஸ் சூட்டில் கறியோடு சேர்ந்து பொரிந்து, லேசான புளிப்பும் முறுகலும் ஏறிவிடும். அதன் மேல் பிக்கிள், கூடுதல் ஸ்ப்ரெட் (பர்கரில் தடவும் இனிப்புச் சாஸ்), பொடியாக நறுக்கிப் பழுப்பாகும் வரை வதக்கிய வெங்காயம். லெட்யூஸ் இலையும் தக்காளியும் வழக்கம்போல இருக்கும். 1961-லிருந்து இது உண்டு என்கிறது கம்பெனி.

ஃப்ரைஸையும் அனிமல் ஸ்டைலில் கேட்கலாம். உருகிய சீஸ், ஸ்ப்ரெட், வதக்கிய வெங்காயம் மூன்றையும் ஃப்ரைஸ் மேல் போட்டுத் தருவார்கள். முள்கரண்டியால்தான் சாப்பிட முடியும். வீட்டுக்கு எடுத்துப்போகும் பண்டம் இல்லை இது. பத்து நிமிடம் தாண்டினால் நைந்து போய்விடும். இன்-என்-அவுட்டில் ஒரே ஒரு முறைதான் சாப்பிடப் போகிறீர்கள் என்றால், டபுள்-டபுளை அனிமல் ஸ்டைலில் வாங்குங்கள், ஃப்ரைஸைச் சாதாரணமாக வாங்குங்கள். இரண்டையும் அனிமல் ஸ்டைலில் வாங்கினால் எல்லாமே ஒரே ருசியாகத் தெரியும்.

5. 3x3, 4x4 எல்லாம் என்ன கணக்கு? அதுக்கு மேல கேட்கலாமா?

முதல் எண் கறி, இரண்டாவது எண் சீஸ். 'த்ரீ பை த்ரீ' என்றால் மூன்று கறி, மூன்று சீஸ். கறி அதிகமாகவும் சீஸ் குறைவாகவும் வேண்டுமானால் '3x2' என்றும் சொல்லலாம். 'டபுள் மீட்' என்றால் இரண்டு கறி, சீஸ் கிடையாது.

ஒரு காலத்தில் உச்சவரம்பு இல்லை. 2004-இல் லாஸ் வேகஸில் ஒரு நண்பர் குழு 100x100 வாங்கி, அந்தப் படங்கள் இணையமெங்கும் சுற்றின. அதன் பிறகு 4x4-க்கு மேல் செய்வதில்லை.

6. அப்பாவுக்கு சுகர். பன் இல்லாம கிடைக்குமா?

கிடைக்கும். 'ப்ரோட்டீன் ஸ்டைல்' என்று கேளுங்கள். பன்னுக்குப் பதிலாகப் பெரிய லெட்யூஸ் இலைகளில் சுற்றித் தருவார்கள். காகித உறையைப் பாதி மட்டும் பிரித்து, அதைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டால் கையில் ஒழுகாது.

ஆனால் ஸ்ப்ரெட்டிலும் கெட்சப்பிலும் சர்க்கரை உண்டு. "நோ ஸ்ப்ரெட், மஸ்டர்டு இன்ஸ்டெட்" என்று சொன்னால் அதற்குப் பதிலாகக் கடுகு சாஸ் போடுவார்கள். பன்னை விட்டுவிட்டு ஒரு பெரிய ஷேக்கை வாங்கிக் கொடுத்தால் ப்ரோட்டீன் ஸ்டைல் வாங்கியதில் பிரயோஜனம் இல்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

7. நாங்க பீஃப் சாப்பிட மாட்டோம். சிக்கன் பர்கர் இருக்கும்ல?

இன்-என்-அவுட்டில் இல்லை. அங்கே இருக்கும் ஒரே இறைச்சி மாட்டிறைச்சி. உள்ளே போய் வரிசையில் நின்ற பிறகு தெரிந்து சங்கடப்படுபவர்கள் நிறைய, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் 1996-இல் கடை திறந்தபோதே பீஃப், பன்றிக்கறி இரண்டையும் தவிர்த்துவிட்டது. அந்தப் பழக்கத்தில் வரும் நமக்கு, அமெரிக்காவில் 'பர்கர்' என்று மொட்டையாகச் சொன்னாலே மாட்டிறைச்சிதான் என்பது உடனே மனதில் பதியாது. ஹேம்பர்கர் என்ற பெயரைப் பார்த்துப் பன்றிக்கறியோ என்று நினைக்கவும் வேண்டாம், அதுவும் மாட்டிறைச்சிதான்.

கோழி வேண்டுமென்றால் மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், வெண்டீஸ், ஷேக் ஷேக் எல்லாவற்றிலும் சிக்கன் சாண்ட்விச் உண்டு. 'சிக்கன் பர்கர்' என்று சொன்னால் சில இடங்களில் விழிப்பார்கள். 'சிக்கன் சாண்ட்விச்' என்றே சொல்லுங்கள். பேக்கன் சேர்த்த வகைகளும் இருக்கும், பன்றிக்கறி வேண்டாதவர்கள் "நோ பேக்கன்" என்று சொல்லிவிட வேண்டும்.

8. நான் சுத்த சைவம். ஃப்ரெண்ட்ஸோட போனா சும்மா உட்கார்ந்திருக்கணுமா?

வேண்டியதில்லை. இன்-என்-அவுட்டில் 'கிரில்டு சீஸ்' என்று கேளுங்கள். கறி இல்லாமல் இரண்டு சீஸ், லெட்யூஸ், தக்காளி, வெங்காயம், ஸ்ப்ரெட் வைத்து வாட்டிய பன் வரும். சீஸும் வேண்டாமென்றால் 'வெஜ்ஜி பர்கர்' என்று கேட்கலாம். ஆனால் அதில் தனியாகக் காய்கறிக் கட்லெட் எதுவும் இருக்காது, பன்னுக்குள் இலையும் தக்காளியும் வெங்காயமும்தான். ஃபைவ் கைஸில் வதக்கிய குடைமிளகாய், காளான், வெங்காயம் வைத்து 'வெஜ்ஜி சாண்ட்விச்' தருவார்கள், அது எவ்வளவோ மேல். ஷேக் ஷேக்கில் சீஸ் திணித்துப் பொரித்த பெரிய காளானை வைத்து 'ஷ்ரூம் பர்கர்' உண்டு. இந்தக் கடைகளில் சைவக்காரர்களுக்கென்றே யோசித்துச் செய்தது போல இருப்பது அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. ஸ்ப்ரெட்டிலும் மயோனைஸிலும் முட்டை உண்டு, முட்டை சேர்க்காதவர்கள் "நோ ஸ்ப்ரெட், நோ மேயோ" என்று சொல்ல வேண்டும். அடுத்து, இவை சின்ன சமையற்கட்டுகள். பன், வெங்காயம், கறி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வேலை ஆகும். ஒரே கரண்டி எல்லாவற்றிலும் படலாம். தனிப் பாத்திரம், தனி எண்ணெய் என்று பார்ப்பவர்கள் ஷேக்கோடு நிறுத்திக்கொள்வது மனசுக்கு நிம்மதி.

9. ஃப்ரைஸாவது சைவம்தானே? உருளைக்கிழங்குதானே அது?

இதைக் கேட்காமல் சாப்பிட்டவர்கள்தான் அதிகம். அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸில் பீஃப் சுவையூட்டி சேர்க்கிறார்கள். அவர்கள் வெளியிடும் பொருட்பட்டியலிலேயே இருக்கிறது. முன்பு மாட்டுக் கொழுப்பில் பொரித்தார்கள். 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தார்கள், ஆனால் பழைய ருசிக்காக அந்தச் சுவையூட்டி தொடர்ந்தது. அது தெரியாமல் பல வருடம் சாப்பிட்ட இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் 2001-இல் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். 2002-இல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, சைவ உணவு அமைப்புகளுக்கும் இந்து அமைப்புகளுக்கும் மற்றவர்களுக்குமாக 1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சுவையூட்டி மட்டும் இன்றும் அமெரிக்க ஃப்ரைஸில் இருக்கிறது. இந்திய மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸில் அது இல்லை. ஊரில் சாப்பிட்டதை வைத்து இங்கே முடிவெடுக்காதீர்கள்.

இன்-என்-அவுட் ஃப்ரைஸ் வெறும் உருளைக்கிழங்கு, சூரியகாந்தி எண்ணெய், உப்பு என்றே அறியப்பட்டது. ஃபைவ் கைஸ் கடலை எண்ணெயில் பொரிக்கிறது. சமீபமாகச் சில கடைகள் மீண்டும் மாட்டுக் கொழுப்புக்குத் திரும்புகின்றன, ஸ்டேக் அண்ட் ஷேக் 2025-இல் அறிவித்தே மாறியது. அதனால் பழகிய கடையாக இருந்தாலும் "வாட் ஆயில் டூ யூ ஃப்ரை இன்?" என்று அவ்வப்போது கேட்டுவிடுவது நல்லது.

10. பர்கர் கிங்ல இம்பாசிபிள் வாப்பர் இருக்கே, அது முழு சைவம்தானே?

கறி வில்லை தாவரப் பொருளால் ஆனது, அதில் சந்தேகமில்லை. 2019 ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் சோதனை பார்த்துவிட்டு, ஆகஸ்டில் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதே நெருப்பு கிரில்லில் (கடையில் 'பிராய்லர்' என்பார்கள்), மாட்டுக்கறி வேகும் சங்கிலியிலேயே போகிறது. வேண்டாமென்றால் "நாட் ஆன் த பிராய்லர், ப்ளீஸ்" என்று சொல்லுங்கள், வேறு விதமாகச் சூடாக்கித் தருவார்கள். புகை வாசனை போய்விடும், ருசி கொஞ்சம் குறையும். மயோனைஸ் விஷயம் 8-ஆம் பதிலில் சொன்னதுதான்.

11. ஹலால் கிடைக்குமா?

அமெரிக்காவில் இந்தப் பெரிய சங்கிலிக் கடைகளின் மாட்டிறைச்சியைப் பொதுவாக ஹலால் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதே கம்பெனிகள் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் ஹலாலாக விற்பதால் குழப்பம் வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டாலஸ், ஹூஸ்டன், சிகாகோ போன்ற ஊர்களில் ஹலால் கறியில் ஸ்மாஷ் பர்கர் (14-ஆம் பதில்) போடும் தனிக் கடைகள் நிறைய வந்துவிட்டன. பள்ளிவாசல் பக்கம் விசாரித்தால் நல்ல கடை எதுவென்று உடனே சொல்வார்கள்.

12. எல்லாம் சப்புனு இருக்கு. காரத்துக்கு என்ன பண்றது?

இன்-என்-அவுட்டில் "சாப்ட் சில்லீஸ்" என்று கேட்டால், வினிகரில் ஊறிய மஞ்சள் மிளகாயை நறுக்கிப் பர்கருக்குள்ளேயே வைப்பார்கள். காசு கிடையாது. அதே மிளகாயை முழுதாகச் சின்ன உறையில் தனியாகவும் கேட்டு வாங்கலாம். முதல் கடியில் புளிப்பு, பின்னால்தான் காரம். அனிமல் ஸ்டைலோடு இதைச் சேர்த்தால் ஸ்ப்ரெட்டின் இனிப்பு அடங்கிச் சரியாகிவிடும். நம் நாக்குக்கு ஏற்றது இந்தச் சேர்க்கைதான் என்று பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானும் அதையே சொல்வேன்.

ஃபைவ் கைஸில் ஹலபேன்யோ மிளகாய் இலவச மேற்சேர்க்கை. டெக்ஸஸில் இருப்பவர்களுக்கு 1950-இல் கார்பஸ் கிறிஸ்டியில் தொடங்கிய வாட்டபர்கர் இருக்கிறது, அங்கே ஹலபேன்யோவும் காரக் கெட்சப்பும் கிடைக்கும். நிஜமான மிளகாய் பர்கர் வேண்டுமென்றால் நியூ மெக்ஸிகோ போக வேண்டும் (16-ஆம் பதில்).

13. இன்-என்-அவுட் ஃப்ரைஸ் ஏன் இப்படித் தொவண்டு போயிருக்கு?

பெரும்பாலான கடைகளின் ஃப்ரைஸ், தொழிற்சாலையில் பாதி பொரித்து உறைய வைத்து வருபவை. கடையில் இரண்டாம் முறை பொரிக்கும்போது மொறுமொறுப்பு வருகிறது. இன்-என்-அவுட்டில் ஃப்ரீசரே கிடையாது. பச்சைக் கிழங்கை அங்கேயே வெட்டி ஒரே தடவை பொரிப்பதால் மென்மையாக இருக்கும். "வெல்-டன்" என்று கேளுங்கள், கூடுதல் நேரம் எண்ணெயில் விட்டுப் பொன்னிறமாக எடுத்துத் தருவார்கள். இரண்டு மூன்று நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டும், ஆனால் ருசியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

14. இப்ப எங்க பார்த்தாலும் ஸ்மாஷ் பர்கர்ங்கிறாங்களே, அது என்ன புதுசா?

முறை பழையது, மவுசு புதிது. சாதாரணமாகக் கறியை வட்டமாகத் தட்டி வைத்துக்கொண்டு கல்லில் போடுவார்கள். ஸ்மாஷ் பர்கருக்கு உருண்டையாகவே போட்டு, புகை வரக் காய்ந்த கல்லில் கனமான கரண்டியால் அழுத்தி நசுக்கிவிடுவார்கள். அழுத்தம் முதல் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அப்போது கொழுப்பு இன்னும் உருகாமல் இருக்கும், அழுத்தினாலும் சாறு வெளியே போகாது. பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லிலேயே போய்விடும்.

ஏன் நசுக்க வேண்டும்? கறியின் பரப்பு முழுதும் சூடான இரும்பில் ஒட்ட வேண்டும் என்பதற்காக. சுமார் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி, வறுத்த மணம் கிளம்பும். இதை மெய்லார்ட் வினை என்கிறார்கள். நல்ல ஸ்மாஷ் பர்கரை ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஓரம் பன்னுக்கு வெளியே நீண்டு, சல்லடைபோலச் சின்னச் சின்ன ஓட்டை விழுந்து, கடித்தால் நொறுங்க வேண்டும். கல்லிலிருந்து எடுக்கும்போது கரண்டியால் அடியோடு சுரண்டி எடுக்க வேண்டும், அந்தப் பொருக்கு கல்லில் தங்கிவிட்டால் ருசியில் பாதி போச்சு. கொழுப்பு 20 சதவீதமாவது இருக்கிற கறிதான் இதற்கு லாயக்கு. வில்லை மெல்லியதாக இருக்கும் என்பதால் இரண்டாக வாங்குங்கள்.

15. ஒக்லஹோமா ஆனியன் பர்கரும் ஸ்மாஷ் பர்கரும் ஒண்ணுதானா?

ஒரே குடும்பம், ஆனால் ஒக்லஹோமா பர்கரில் வெங்காயம்தான் பிரதானம். எல் ரீனோ என்ற சின்ன ஊரில் 1920-களில் பிறந்தது. கறி விலை அதிகம், வெங்காயம் மலிவு. கறி உருண்டை மேல் காகிதம்போல மெல்லியதாகச் சீவிய வெங்காயத்தைக் கைநிறையக் குவித்து, இரண்டையும் சேர்த்து நசுக்கினார்கள். திருப்பிப் போட்டதும் வெங்காயம் கறிக்கு அடியில் அதன் கொழுப்பிலேயே வெந்து, ஓரத்தில் கருகி, நடுவில் இனித்துக் கிடக்கும். மேலே பன்னைக் கவிழ்த்து வைத்தால் அந்த ஆவியிலேயே பன் மெத்தென்று ஆகிவிடும்.

சிக்கனத்துக்குச் செய்த உணவு நூறு ஆண்டு நிலைத்திருக்கிறது. 1926-இல் திறந்த ராபர்ட்ஸ் கிரில் உட்பட எல் ரீனோவில் இதற்கென்றே பேர்போன கடைகள் உண்டு. ஆண்டுதோறும் மே முதல் சனிக்கிழமை இந்தப் பர்கருக்குத் திருவிழாவே எடுக்கிறார்கள்.

16. வேற என்னென்ன ஸ்டைல் இருக்கு? ரோட் ட்ரிப்ல எங்க எதைச் சாப்பிடலாம்?

நியூ மெக்ஸிகோவில் பச்சை மிளகாய் சீஸ்பர்கர். ஹேட்ச் பகுதியில் விளையும் நீள மிளகாயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்து நறுக்கிச் சீஸோடு வைப்பார்கள். தமிழர்கள் யாரும் இதைத் தவறவிடக் கூடாது. மினியாபோலிஸில் 'ஜூசி லூசி'. சீஸ் கறிக்கு உள்ளே இருக்கும், ஆறவைத்துக் கடிக்காவிட்டால் நாக்கு வெந்துவிடும். யார் முதலில் செய்தது என்று மேட்ஸ் பாரும் 5-8 கிளப்பும் இன்றும் போட்டி போடுகின்றன.

கனெக்டிகட்டின் மெரிடன் பக்கம் கறியையும் சீஸையும் ஆவியில் வேகவைக்கிறார்கள், முறுகல் பிடித்தவர்களுக்கு அது சரிவராது. விஸ்கான்சினில் பன்னில் வெண்ணெய் தடவிய பட்டர் பர்கர். 1921-இல் விச்சிட்டாவில் தொடங்கிய ஒயிட் காஸில் கடையில் சின்னச் சதுரக் கறி, நடுவில் ஐந்து ஓட்டை. வெங்காயப் படுக்கையின் ஆவி அந்த ஓட்டை வழியே மேலேறிக் கறியை வேகவைக்கும், திருப்பிப் போடுவதே இல்லை.

17. கறி 'மீடியம் ரேர்'ல கேட்கலாமா?

ஃபாஸ்ட் ஃபுட் கடையில் கேட்காதீர்கள், தரவும் மாட்டார்கள். ஸ்டேக் துண்டில் கிருமி இருந்தால் மேல்பரப்பில்தான் இருக்கும், வாட்டினால் செத்துவிடும். அரைத்த கறியில் மேல்பரப்பு முழுதும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்கிறது அமெரிக்க விவசாயத் துறை. 1993-இல் ஜேக் இன் த பாக்ஸ் கடைகளில் சரியாக வேகாத கறியால் ஈ.கோலை கிருமி பரவி, 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க விதிகள் இறுகின. குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ வாங்கிய பர்கரில் நடுவில் சிவப்பாக இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

18. மெக்டொனால்ட்ஸ்ல பிக் மேக்கைக் குறைஞ்ச காசுல வாங்க ஒரு வழி இருக்காமே?

இருக்கிறது. 'மேக்டபுள்' வாங்கி, கெட்சப்பையும் மஸ்டர்டையும் எடுத்துவிட்டு, பிக் மேக் சாஸும் லெட்யூஸும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் அதே இரண்டு வில்லை, அதே ஒரு சீஸ். நடுப் பன்னும் மேலே எள்ளும்தான் இருக்காது. வாயால் சொல்வதைவிட ஆப்பில் மாற்றுவது எளிது, சாஸுக்குக் கூடுதல் காசு எவ்வளவு என்றும் அதிலேயே தெரியும்.

சூடாக வேண்டும் என்பதற்காக "உப்பில்லாத ஃப்ரைஸ்" கேட்டு, பிறகு உப்பு உறை வாங்கிப் போட்டுக்கொள்ளும் தந்திரம் ஒன்று சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். அதற்காக அவர்கள் உப்புப் பட்ட கூடையையும் தட்டையும் துடைக்க வேண்டியிருக்கும். "ஃப்ரெஷ் ஃப்ரைஸ், ஐ கேன் வெயிட்" என்று நேராகக் கேட்டாலே தருவார்கள். கறியும் புதிதாக வேண்டுமானால் க்வார்ட்டர் பவுண்டர் வாங்குங்கள். 2018-லிருந்து பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு உறைய வைக்காத கறியைக் கேட்ட பிறகுதான் கல்லில் போடுகிறார்கள்.

19. ஃபைவ் கைஸ்ல விலையைப் பார்த்தா தலை சுத்துது. எப்படி வாங்கணும்?

'ஹேம்பர்கர்' என்று சொன்னால் இரண்டு கறி வரும். ஒரு கறி போதுமென்றால் 'லிட்டில் ஹேம்பர்கர்'. மேற்சேர்க்கைகளில் பெரும்பாலானவை இலவசம், அதனால் லிட்டில் வாங்கி வதக்கிய காளான், வெங்காயம், ஹலபேன்யோ, குடைமிளகாய் எல்லாம் வைக்கச் சொல்லுங்கள். ஃப்ரைஸும் 'லிட்டில்' போதும், கோப்பை நிரம்பியதும் இன்னொரு கை அள்ளிப் பையிலேயே போடுவார்கள். இரண்டு பேர் சாப்பிடலாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையை அழைத்துப் போகவே போகாதீர்கள், காரணம் 9-ஆம் பதிலில் இருக்கிறது.

20. டிரைவ்-த்ரூ மைக்ல நான் பேசுறது அவங்களுக்குப் புரியல. பதட்டமாயிடுது.

மாற்றங்களை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் எண்ணிக்கை, பிறகு பண்டத்தின் பெயர், அப்புறம் மாற்றம், அடுத்த பண்டம். "ஒன் டபுள்-டபுள்." நிறுத்துங்கள். "அனிமல் ஸ்டைல், சாப்ட் சில்லீஸ்." நிறுத்துங்கள். திரையில் ஏறுவதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். மாற்றம் நிறைய இருந்தால் உள்ளே போய்க் கவுண்டரில் சொல்வதே நல்லது, அல்லது ஆப் இருக்கும் கடையில் ஆப். இன்-என்-அவுட்டில் காரிலேயே சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்றால் திறந்த அட்டைப்பெட்டியில், மடியில் விரிக்கக் காகிதத்தோடு தருவார்கள்.

21. மாத்திக் கேட்டா எக்ஸ்ட்ரா காசா? டிப்ஸ் வேற வைக்கணுமா?

காய்கறியைக் கூட்டினால் பொதுவாகக் காசு இல்லை. கறி, சீஸ், பேக்கன், அவகாடோ கூட்டினால் உண்டு. எதையாவது எடுத்துவிடச் சொன்னால் விலை குறையாது. கவுண்டரில் டிப்ஸ் கட்டாயமில்லை.

22. கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு. திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பில்லை எடுத்துப் பாருங்கள், மாற்றம் அதில் அச்சாகியிருக்கும். அச்சாகியும் வரவில்லை என்றால் பேச்சே இல்லாமல் புதிதாகச் செய்து தருவார்கள். அச்சாகவே இல்லை என்றாலும் பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் இதை நம்பியிருக்கக் கூடாது. ஆர்டர் சொல்லும்போதே "அலர்ஜி" என்ற வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.

23. எல்லாக் கடையிலும் நம்ம இஷ்டத்துக்கு மாத்தித் தருவாங்களா?

இல்லை. கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் லூயிஸ் லஞ்ச் என்று ஒரு சின்னக் கடை. 1900-இல் முதல் ஹேம்பர்கரை விற்றதே தாங்கள்தான் என்பவர்கள். பன் கிடையாது, வாட்டிய ரொட்டித் துண்டுதான். செங்குத்தாக நிற்கும் பழைய அடுப்பில் கறியை வாட்டுகிறார்கள். சீஸ், தக்காளி, வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்லலாம். கெட்சப் கேட்டால் கிடைக்காது. அங்கே போனால் அவர்கள் கொடுப்பதை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள், அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்.

24. சங்கத்து பிக்னிக்குக்கு நாற்பது பர்கர் வேணும், ஆளுக்கொரு மாதிரி கேட்கிறாங்க. இதுக்கு என்ன பண்ண?

மதியம் 12 முதல் 2 மணி வரை இந்த ஆர்டரோடு போகாதீர்கள், டிரைவ்-த்ரூவில் போகவே போகாதீர்கள். முதல் நாளே கடைக்குப் போய் மேலாளரிடம் எந்த நேரத்துக்கு வந்தால் வசதி என்று கேளுங்கள். வகைகளை நான்குக்குள் அடக்குங்கள்: அனிமல் ஸ்டைல் சீஸ்பர்கர், சாதா சீஸ்பர்கர், ப்ரோட்டீன் ஸ்டைல், கிரில்டு சீஸ். வகைக்கு எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிரில்டு சீஸை மட்டும் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லி, மேலே பேனாவால் பெரிதாகக் குறித்து வாங்குங்கள். உறை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், சைவக்காரர் கையில் பீஃப் போய்ச் சேராமல் இருக்க வேறு வழியில்லை.

கூட்டம் இன்னும் பெரிதென்றால் இன்-என்-அவுட்டிலேயே நிகழ்ச்சிகளுக்கு வரும் சமையல் வண்டி இருக்கிறது. வாடகைக்குச் சீக்கிரமே பதிந்துகொள்ள வேண்டும். வண்டியில் எந்தெந்த வகை செய்வார்கள், சைவத்துக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பதியும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.